அறை வெப்பநிலை

தங்கமீன் வளர்ப்பு பற்றிய கையேடுகளைப் புரட்டியவர்கள் ஒரு வாக்கியத்தை மறுபடி மறுபடி சந்தித்திருப்பார்கள். தங்கமீனுக்குத் தனியே வெப்பமூட்டத் தேவையில்லை, அறை வெப்பநிலையே போதுமானது என்பது அதன் சாரம். பார்வைக்கு எளிய வாக்கியம்தான். ஆனால் அந்த அறை யாருடைய அறை என்று கேட்கத் தொடங்கினால் வாக்கியம் தடுமாறத் தொடங்கிவிடுகிறது. இங்கிலாந்தில் எழுதப்பட்ட நூலின் அறை 20 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. காரைக்குடியில் சித்திரை மாதத்துப் பிற்பகலில், கான்கிரீட் தளத்தின் கீழே அமைந்த அறை 35 டிகிரியில் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயர்.

அகப்பொருள் இலக்கணம் கற்றவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இராது. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், விலங்கும் புள்ளும் மரமும் அவற்றை அடுத்து வரும் கருப்பொருள் என்றும் நம் முன்னோர் வகுத்துவைத்தார்கள். ஓர் உயிரைப் பற்றிப் பேசுமுன் அது எந்த நிலத்தில், எந்தப் பொழுதில் இருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். கையேடுகளோ முதற்பொருளை விட்டுவிட்டுக் கருப்பொருளை மட்டும் பேசுகின்றன. தொட்டி நீருக்குச் சரியான வெப்பநிலை எது என்று எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாக நடந்துவரும் விசாரணையை, விடுபட்டுப்போன அந்த முதற்பொருளைத் தேடிய கதை என்று சொல்லலாம்.

தங்கமீன் சீனத்திலிருந்து வந்தது. ஆற்றிலும் குளத்திலும் கிடந்த ஒரு சாம்பல் நிறக் கெண்டை இனத்தில் எப்போதாவது பிறக்கும் செந்நிறக் குஞ்சுகளைத் தனியே எடுத்து வளர்த்ததில் உருவான மீன் இது. சோங் அரச மரபின் காலத்தில் வளர்ப்பு வேரூன்றியது. மிங் காலத்தில் மீன்கள் குளத்திலிருந்து வீட்டு முற்றத்து மண்தாழிகளுக்கு வந்து சேர்ந்தன. 1596-இல் ஜாங் சியேன்தெ என்பவர் செந்நிற மீன்களைப் பற்றித் தனி நூலே எழுதிவிட்டார். மேலிருந்து குனிந்து பார்ப்பதற்காக வளர்க்கப்பட்ட மீன் என்பதால், அகன்ற முதுகும் விரிந்த வாலும் போற்றப்பட்டன. 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவை அடைந்தது. 1758-இல் லின்னேயஸ் அதற்கு அறிவியல் பெயரிட்டார். அதன்பிறகு கண்ணாடிக் கிண்ணத்துக்குள் புகுந்து, பக்கவாட்டில் பார்க்கப்படும் மீனாக மாறியது.

'குளிர்நீர் மீன்' என்ற பட்டம் அதற்கு எப்படி வந்தது என்பது யோசிக்கத் தக்கது. குளிர்நாடுகளில் வீட்டுத் தொட்டிகளை இரண்டாகப் பிரிப்பது வழக்கம். அமேசானிலிருந்தும் தென்கிழக்கு ஆசியாவிலிருந்தும் வந்த மீன்களின் தொட்டிக்கு ஹீட்டர் வேண்டும். தங்கமீன் தொட்டிக்கு வேண்டாம். ஹீட்டர் வேண்டாத மீன் என்பதையே குளிர்நீர் மீன் என்று சொன்னார்கள். தங்கமீன் பனிக்கட்டி மூடிய குளத்தின் அடியிலும் உயிர்பிழைக்கக் கூடியது என்பது உண்மை. உயிர்வளி அற்றுப்போன நீரில் தன் உடலுக்குள்ளேயே சாராயத்தை உண்டாக்கி, அதைச் செவுள் வழியே வெளியேற்றிக் காலம் கடத்தும் திறமை அதற்கு உண்டு. ஆனால் குளிரைத் தாங்கும் என்பதும் குளிர்தான் வேண்டும் என்பதும் வேறு வேறு. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு கோடை தேவைப்பட்டது.

எங்கள் வீட்டுக்கு 2011-இல் மூன்று மீன்கள் வந்தன. இரண்டு காமெட், ஒரு ஒரண்டா. காமெட் என்பது ஒற்றை வாலும் நீண்ட உடலும் கொண்ட எளிய வகை. ஒரண்டா தலையில் கொண்டை வளர்ந்த, குறுகி உருண்ட உடலும் இரட்டை வாலும் உடைய அலங்கார வகை. மதுரைக் கடை ஒன்றில் வாங்கி, ஞெகிழிப் பையில் காற்று நிரப்பிக் கட்டிக் கொண்டுவந்தோம். கடைக்காரர் தொட்டியோடு சேர்த்து ஹீட்டரும் எடுத்து வைத்தார். 'செட்டு அப்படித்தான் சார் வரும்' என்றார். தங்கமீனுக்கு, அதுவும் சிவகங்கைச் சீமையில், ஹீட்டர் எதற்கு என்ற கேள்வி அவருக்கு எழவில்லை. ஹீட்டரை அங்கேயே விட்டுவிட்டு, கண்ணாடியில் ஒட்டும் வெப்பமானி ஒன்றை வாங்கிக்கொண்டோம். இருபது ரூபாயோ முப்பது ரூபாயோ. வீட்டில் நடந்த அத்தனை விவாதங்களுக்கும் அந்தச் சிறு பட்டைதான் நடுவராக இருந்தது.

தொட்டி மூன்றடி நீளம். நூறு லிட்டருக்குச் சற்று மேல் கொள்ளும். எங்கே வைப்பது என்பதில் கருத்து வேறுபாடு. வருகிறவர்கள் பார்க்க வேண்டுமென்றால் முகப்பில் வைக்க வேண்டும். முகப்பு தெருவைப் பார்த்தது. காலை வெயில் திண்ணை தாண்டி உள்ளே எட்டும். பக்கத்தில் புதிதாகக் கட்டிய மாடியறை வெளிச்சமானது. ஆனால் பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை இரவு பதினோரு மணிவரை திருப்பித் தரும் அறை அது. மிஞ்சியது வளவு. நடுவில் வானம் திறந்த முற்றம், நாற்புறமும் தூண் நிரைத்த பத்தி, அதன்பின் இரட்டை அறைகள். செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. வடக்கே பார்க்க வெயில் நேரே படாத பத்தி ஓரத்தில், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில், மர மேசை போட்டுத் தொட்டியை வைத்தோம்.

ஒரு வாளி நீரை மூன்று இடங்களிலும் ஒரு வாரம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துத்தான் அந்த முடிவுக்கு வந்தோம். நண்பகலில் மாடியறை வாளிக்கும் வளவு வாளிக்கும் நான்கு டிகிரிவரை வேறுபாடு இருந்தது. அதைவிட முக்கியமாக, மாடியறை வாளி ஒரே நாளுக்குள் ஏறி இறங்கிய தூரம் அதிகம். வளவு வாளி மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது. சுண்ணாம்பும் கடுக்காயும் கருப்பட்டியும் முட்டை வெண்கருவும் சேர்த்து இழைத்த பூச்சு, கையகலத்துக்கு மேல் தடித்த சுவர், மேலே அடுக்கடுக்காக வேய்ந்த நாட்டு ஓடு, சூடேறிய காற்று மேலேறிப் போக நடுவில் ஒரு திறந்த வானம். 2014-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றபோது எல்லோரும் தேக்குத் தூண்களைப் பற்றியே பேசினார்கள். எங்களுக்கோ அந்த வாளிதான் நினைவுக்கு வந்தது. நீரின் வெப்பநிலையைத் தேர்ந்தெடுக்கும் கருவி ஒன்று எங்களிடம் இருந்தது. அதை நூறாண்டுகளுக்கு முன்பே யாரோ கட்டிவைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அந்த ஓராண்டு முழுவதும் வைகறை, நண்பகல், முன்னிரவு என மூன்று பொழுதும் வெப்பமானியைப் பார்த்து ஒரு நோட்டில் குறித்துவந்தோம். மார்கழி வைகறையில் 22. மாசிக்குள் 26. பங்குனி பிறந்ததும் நண்பகல் 29. வெளியே நிழலிலேயே 38, 39 டிகிரி என்று காற்று கொதித்த சித்திரை நாட்களில் தொட்டி 31, 32. கையேடு சொன்னதோ 18 முதல் 22 வரை. அதாவது கையேட்டின்படி எங்கள் மீன்கள் ஆண்டில் பதினொரு மாதம் தவறான நீரில் வாழ்ந்துகொண்டிருந்தன. அவை அதை அறியாமல் இரை கேட்டுக் கண்ணாடியில் முட்டிக்கொண்டிருந்தன.

இங்கே சிறிது அறிவியல் பேசியாக வேண்டும், வாசகர்கள் பொறுத்தருள்க. நீர் சூடேறும்போது அதில் கரைந்து நிற்கும் உயிர்வளி குறைகிறது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 9.1 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும். 25-இல் 8.3. 30-இல் 7.5. 35 டிகிரியில் 7-ஐ ஒட்டி வந்துவிடுகிறது. மறுபுறம், மீனின் உடல் வெப்பம் நீரின் வெப்பமே ஆதலால், நீர் பத்து டிகிரி ஏறினால் அதன் உடலுக்குள் எரியும் அடுப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு எரிகிறது. தேவை இரட்டிக்கிறது, வரத்து குறைகிறது. கோடையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பதைப் பார்த்து நீர் சுடுகிறது என்று நாம் எண்ணுகிறோம். பெரும்பாலும் அது சூட்டின் வலியன்று, மூச்சின் தவிப்பு.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. மீன் வெளியேற்றும் அமோனியா நீரில் இரு வடிவங்களில் இருக்கிறது. ஒன்று பெரிதாகத் தீங்கு செய்வதில்லை, மற்றொன்று நஞ்சு. சற்றே காரமான, அதாவது அமில-கார அளவு 8 உள்ள நீரில், 20 டிகிரியில் மொத்த அமோனியாவில் நூற்றில் நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவாக இருக்கும் நஞ்சு வடிவம், 30 டிகிரியில் ஏழரைப் பங்கை எட்டிவிடுகிறது. அதே அளவு அழுக்கு, கோடையில் இரண்டு மடங்கு நஞ்சு. மார்கழியில் மன்னிக்கப்படும் அதிக இரை சித்திரையில் மன்னிக்கப்படுவதில்லை.

அப்படியானால் தங்கமீன் எவ்வளவு சூட்டைத்தான் தாங்கும்? இதற்கு விடை தேடப் போனபோது எதிர்பாராத ஓர் இடத்துக்கு வந்து சேர்ந்தோம். கனடாவின் டொராண்டோவில் ஃப்ரை என்ற உயிரியலாளரும் அவருடைய மாணவர்களும் 1940-களில் இந்த எளிய மீனை வைத்துக்கொண்டு, உயிர்களுக்கும் வெப்பத்துக்கும் உள்ள உறவையே ஆராய்ந்திருக்கிறார்கள். 1942-இல் வெளியான அவர்களுடைய ஆய்வின்படி, தங்கமீனின் தாங்கும் எல்லை ஒரே எண்ணில் நிற்பதில்லை. எந்த வெப்பத்தில் அது பழகியிருக்கிறதோ அதைப் பொறுத்து எல்லையும் நகர்கிறது. பழகிய நீர் மூன்று டிகிரி ஏறினால், உயிர்போகும் எல்லை ஒரு டிகிரி ஏறுகிறது. எவ்வளவு பழகினாலும் 41 டிகிரியை ஒட்டி அது நின்றுவிடுகிறது. குளிரில் வளர்ந்த மீனுக்குக் கொல்லியாகும் நீரில், மெல்லச் சூட்டுக்குப் பழகிய மீன் நீந்திக்கொண்டிருக்கும்.

இதைவிட வியப்பானது வேறு. ஒரு முனை குளிர்ந்தும் மறுமுனை சூடாகவும் இருக்கும் நீரில் இளந்தங்கமீன்களை விட்டு, எங்கே போய் நிற்கின்றன என்று பார்த்தார்கள். நாளடைவில் அவை தேர்ந்துகொண்டது 28 டிகிரியை ஒட்டிய நீரை. குளிர்நீர் மீன் என்று நாம் பட்டம் சூட்டிய மீன், தன் விருப்பத்துக்கு விடப்பட்டபோது தை மாதத்துக் காரைக்குடியைவிடச் சூடான நீரைத் தேர்ந்தது.

1961-இல் பால் ரோஸினும் ஜான் மேயரும் இன்னொரு படி மேலே போனார்கள். சூடான நீரில் தங்கமீனை விட்டு, உள்ளே ஒரு நெம்பு வைத்தார்கள். நெம்பை முட்டினால் சிறிது குளிர்நீர் தொட்டிக்குள் பாயும். மீன் விரைவில் கற்றுக்கொண்டது. நீர் சுட்டபோது முட்டியது. போதுமென்றபோது நிறுத்திக்கொண்டது. தொட்டியின் வெப்பநிலையை மீனே தேர்ந்தெடுத்தது என்று சொல்லிவிடலாம். இதைப் படித்த நாளில் எங்கள் தொட்டியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். அதில் நெம்பு இல்லை.

குளத்தில் வாழும் மீனுக்கு நெம்பு தேவையில்லை. நண்பகலில் அது ஆழத்துக்குப் போகும். தாமரை இலையின் கீழ் போகும். படித்துறையின் நிழலுக்குப் போகும். எங்கள் பக்கத்து ஊருணிகளில் மேல்நீர் கையில் சுடும் நேரத்திலும், இடுப்பளவு இறங்கினால் காலில் குளிர்ச்சி படும். ஒரே ஊருணிக்குள் பல வெப்பநிலைகள் உண்டு. மீன் தன் பொழுதுக்கு ஏற்றதை எடுத்துக்கொள்கிறது. கண்ணாடித் தொட்டியில் இருப்பது ஒரே நீர். மேலும் கீழும் ஒன்று, இந்த மூலையும் அந்த மூலையும் ஒன்று. மீனிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டது குளிர்ந்த நீரை மட்டுமன்று, நகர்ந்து போய்விடும் உரிமையையும்தான். தொட்டி வைத்திருப்பவர் வெப்பநிலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருப்பது அதனால்தான்.

இந்தக் கவலை எங்களுக்கு முழு வடிவில் வந்தது 2012 கோடையில். தமிழகத்தின் சிற்றூர்களும் சிறுநகரங்களும் நீண்ட மின்வெட்டில் தவித்த ஆண்டு என்பது பலருக்கும் நினைவிருக்கும். வைகாசியில் ஒருநாள் மாலை போன மின்சாரம் வரவேயில்லை. காற்றுக்குமிழ் விடும் பம்பு நின்றது. காற்றும் நின்றிருந்தது. இரவு எட்டு மணிக்கு வெப்பமானி 33 காட்டியது. அதற்கு முன்னும் பின்னும் எங்கள் நோட்டில் அந்த எண் இல்லை. மூன்று மீன்களும் மேலே வந்து நின்றன.

மகளுக்கு அப்போது பதினொரு வயது. எதிர்வீட்டுக் குளிர்பெட்டியில் மிஞ்சியிருந்த பனிக்கட்டியைக் கிண்ணத்தில் அள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். அப்பத்தா கையை நீட்டித் தடுத்துவிட்டார்கள்.

'வேணாம் ஆத்தா. வேர்த்து விறுவிறுத்து நிக்கிறவுக தலையில ஐஸ்தண்ணிய ஊத்துவாகளா?'

'அது மூச்சு விட முடியாம நிக்குது அப்பத்தா.'

'மூச்சுக்குத்தானே? அப்ப மூச்சுக்கு வழியப் பாரு.'

எண்பதை நெருங்கிய, பள்ளிக்கூடம் அதிகம் போகாத அவர்கள் சொன்னது டொராண்டோ ஆய்வாளர்கள் சொன்னதன் மறுபாதி என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. சூட்டுக்குப் பழகத் தங்கமீனுக்கு நாட்கள் போதும். குளிருக்குப் பழக வாரங்கள் வேண்டும். ஆகவே படிப்படியாக ஏறிய சூட்டைவிட, திடீரென இறங்கும் குளிர் அதற்குப் பேரிடராக முடியலாம். கணக்குப் போட்டுப் பார்த்தாலும் பனிக்கட்டி பெரிதாக உதவாது. ஒரு கிலோ பனிக்கட்டி உருகி, தொட்டி நீரோடு கலந்து முடிக்கும்போது நூறு லிட்டர் நீர் ஏறத்தாழ ஒரு டிகிரிதான் இறங்கும். ஐந்து லிட்டர்க் கிண்ணத்தில் அதே கட்டியைப் போட்டாலோ மீன் விறைத்துவிடும்.

அப்பத்தா இரண்டு வேலை செய்யச் சொன்னார்கள். தொட்டியின் மேல்மூடியை எடுத்துவிட்டு, பழைய பருத்தி வேட்டியை நனைத்து மூன்று புறமும் கண்ணாடியோடு ஒட்டச் சுற்றினோம். மண்பானையின் வித்தை அது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. நூறு லிட்டரை ஒரு டிகிரி குளிர்விக்க 420 கிலோஜூல் போதும். வெளிவெப்பம் உள்ளே வராது என்று வைத்துக்கொண்டால், ஆவியாகும் ஒரு லிட்டர் நீர் ஐந்தரை டிகிரி குறைக்க வல்லது. ஐந்து கிலோ பனிக்கட்டியின் வேலை. நடைமுறையில் வெப்பம் உள்ளே வந்துகொண்டேதான் இருக்கும். கிடைப்பது இரண்டு, மூன்று டிகிரிதான். ஆனால் அது மெல்லக் கிடைக்கிறது. துணி காயக் காய நனைத்து, ஓலை விசிறியால் வீசினோம்.

இரண்டாவது வேலை, மூச்சு. ஒரு செம்பால் தொட்டி நீரை மொண்டு ஒரு முழ உயரத்திலிருந்து மறுபடி அதற்குள்ளேயே ஊற்றுவது. விழும் நீர் காற்றைக் கொண்டுபோகிறது. மேற்பரப்பு கலைந்து புதிதாகிறது. அரைமணிக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டோம். வளவின் இருட்டில், மண்ணெண்ணெய் விளக்கின் மஞ்சள் ஒளியில், நீர் விழும் ஓசை இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. பதினொரு மணிக்கு 32. இரண்டு மணிக்கு 30. காமெட் இரண்டும் மேற்பரப்பை விட்டு இறங்கி நடுநீரில் நின்றன. ஒரண்டா இறங்கவில்லை. உருண்ட அதன் உடல் சற்றே சாய்ந்தது, நிமிர்ந்தது, பிறகும் சாய்ந்தது. விடிவெள்ளி முளைத்த நேரத்தில் அது அசைவற்றுப் போனது. மின்சாரம் ஐந்தரை மணிக்கு வந்தது.

மகள் அழுதாள். பனிக்கட்டி போட்டிருந்தால் பிழைத்திருக்குமா என்று பலநாள் கேட்டாள். இல்லை என்றே இன்றும் எண்ணுகிறோம். ஒரே நீர், ஒரே சூடு, ஒரே இரவு. மாண்டது அழகுக்காக உருமாற்றப்பட்ட உடல். குறுகிய உடற்கூட்டுக்குள் நெருக்கப்பட்ட உள்ளுறுப்புகளும், வேகமாக நீந்த முடியாத வாலும், தலையில் வளர்ந்த தசைக்கொண்டையுமாக, சாதாரண நாளிலேயே உபரி மூச்சு இல்லாத உயிர் அது. அலங்கார வகைகள் வெப்பத்தையும் மூச்சுமுட்டலையும் காமெட் அளவுக்குத் தாங்குவதில்லை என்று வளர்ப்பவர்கள் பலரும் சொல்வார்கள். தங்கமீனுக்குச் சரியான வெப்பநிலை என்ன என்ற கேள்விக்கு முன்னால், எந்தத் தங்கமீனுக்கு என்று ஒரு கேள்வி இருக்கிறது.

அந்த இரவுக்குப் பிறகு வெப்பநிலை எங்களுக்கு ஓர் எண்ணாக இருப்பது நின்றுபோனது. எதை மாற்ற முடியாது, எதை மாற்ற முடியும் என்று பிரித்துக்கொண்டோம். வைகாசியை மாற்ற முடியாது. தொட்டி நிற்கும் இடம், அதன் வாயின் அகலம், உள்ளே இருக்கும் உயிர்களின் எண்ணிக்கை, இரையின் அளவு, நீர் மாற்றும் பொழுது ஆகிய இவை நம் கையில் இருப்பவை. கழுத்துக் குறுகிய கண்ணாடிக் கிண்ணம் எங்கள் வெயிலுக்கு ஆகவே ஆகாது. சிறு நீர் விரைவில் சூடேறும், குறுகிய வாய் மூச்சை அடைக்கும். நண்பகலில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்நீர் கையைச் சுடும். அதனால் நீர் மாற்றுவது வைகறையில்தான். காரைக்குடியின் பெருமையான சம்பை ஊற்று நீரே ஆனாலும், முதல்நாள் மாலையே மண்பானையில் பிடித்துத் திறந்துவைத்தால் குளோரின் வாடை போகிறது. வெப்பமும் தொட்டி நீரை நெருங்கி வந்துவிடுகிறது. ஒரு முறைக்கு நாலில் ஒரு பங்குக்கு மேல் மாற்றுவதில்லை. புதுநீருக்கும் பழைய நீருக்கும் இரண்டு டிகிரிக்கு மேல் வேறுபாடு இருக்கவிடுவதில்லை. 28 வரை எங்களுக்குக் கவலை இல்லை. 30-ஐத் தொட்டால் இரை பாதி, மூடி திறப்பு, சிறு மின்விசிறி நீரின்மேல். 32 என்றால் அன்று இரையே இல்லை, ஈரத்துணி. கோடைமுழுதும் பம்புக்கு மாற்றாக மின்கலத்தில் ஓடும் பம்பு ஒன்று தயாராக இருக்கிறது. மார்கழியில் 21, 22 என்று இறங்கும்போது ஹீட்டர் போட்டு ஏற்றுவதில்லை. ஆண்டில் ஒரு குளிர்காலம் இருப்பது அந்த மீனின் உடலுக்குத் தெரிந்த ஒழுங்கு. கிடைப்பது சிறிய குளிர்காலமானாலும் கிடைக்கட்டும்.

ஒரண்டா போன மறுவாரம் உறவினர் ஒருவர் வந்திருந்தார். எஞ்சிய இரண்டையும் ஊருணியில் விட்டுவிடுங்கள், ஆழத்தில் குளிர்ச்சியாக இருக்கும், புண்ணியமாகவும் போகும் என்றார். மீனுக்கு அது விடுதலை என்று எங்களுக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் ஊருணியில் ஏற்கெனவே குடியிருப்பவர்களையும் எண்ண வேண்டியிருந்தது. தங்கமீன் அடிச்சேற்றைக் கிளறி நீரைக் கலக்கும், நீர்ச்செடிகளைப் பிடுங்கும், பிற மீன்களின் முட்டைகளையும் தின்னும். உலகின் பல நாடுகளில் இப்படிப் புண்ணியமாக விடப்பட்ட தங்கமீன்கள் பெருகி, ஏரிகளுக்குத் தொல்லையாகியிருக்கின்றன. ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் இடையே ஊர் நம்பியிருக்கும் நீர் அது. வீட்டுக்குள் கொண்டுவந்த உயிரின் பொறுப்பு வீட்டோடுதான் முடிய வேண்டும் என்று முடிவு செய்தோம்.

ஊருணியின் மீன்களைக் கூர்ந்து பார்க்கத் தொடங்கியதும் அந்தப் பேச்சுக்குப் பிறகுதான். பனையேறிக் கெண்டையும் விராலும் செவுளை மட்டும் நம்பியிருப்பவை அல்ல; மேலே வந்து காற்றையே குடித்துவிட்டுப் போகும். நீர் சுண்டிச் சேறாகும் ஆனி மாதத்தையும் அவை கணக்கில் வைத்திருக்கின்றன. நம் வெயிலைத் தம் உடலுக்குள் எழுதிவைத்துக்கொண்ட மீன்கள். கண்ணைப் பறிக்கும் நிறம் அவற்றுக்கு இல்லாததால் கடைகளில் அவற்றுக்குத் தொட்டி இல்லை.

காமெட் இரண்டும் நெடுநாள் வாழ்ந்தன. ஒன்று 2018-இலும் மற்றது 2020-இலும் முதுமையில் போயின. அப்பத்தா அவற்றுக்கு முன்பே போய்விட்டார்கள். இப்போது தொட்டியில் இருப்பவை சென்னைக் கொளத்தூர்ப் பக்கத்தில் திறந்தவெளிச் சிமென்டுத் தொட்டியில் பிறந்த காமெட்டுகள். எந்த வெயிலில் பிறந்ததோ அந்த வெயிலில் பழகிய மீன் வேண்டும் என்று கேட்டு வாங்கினோம். ஒரண்டா வேண்டாம் என்பதில் வீட்டில் இப்போது கருத்து வேறுபாடு இல்லை.

மீன் வாங்கியிருக்கிறோம், தண்ணீர் எத்தனை டிகிரியில் இருக்க வேண்டும் என்று நண்பர்கள் அவ்வப்போது கேட்பதுண்டு. இத்தனை என்று ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால் அவர்களுக்கு நிம்மதிதான். நாங்கள் திருப்பிக் கேட்பது, தொட்டியை வீட்டில் எங்கே வைத்திருக்கிறீர்கள், அதன் வாய் எவ்வளவு அகலம், மின்சாரம் போனால் இரவில் விழித்திருக்க வீட்டில் எத்தனை பேர் என்பவற்றைத்தான். கடைசிக் கேள்வியை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு சிரிக்கிறவர்களிடம், முதலில் ஒரு மீன் மட்டும் வாங்கச் சொல்கிறோம்.